அக்கா மிதிக்காத வயல்

அக்காவோடு எங்கேயாவது போவதென்றால் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. மெற்றோ வேலைநிறுத்தம், மழை, பனி என்று ஊர் உலகத்துக்குத் தடை வரும். அக்காவுக்கு வருகிற தடை வேறு. யாரோ ஒருவர் அப்போதுதான் கழுவிவிட்ட நிலம்.

சொந்த அக்கா இல்லை. பரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். அவர் நான்காம் மாடி, நான் இரண்டாம் மாடி. வேலையும் ஒரே இடத்தில்தான், ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஊர் மரக்கறி விற்கிற கடையில். காலையில் சேர்ந்து இறங்குவோம். கீழே, கட்டடம் பார்க்கிற போர்த்துக்கல் மனுசி வாசலைத் துடைத்துக்கொண்டிருப்பார். நாங்கள் எல்லோரும் நுனிக்காலில் நாலு பாய்ச்சல் பாய்ந்து, மன்னிப்புக்கு ஒரு ‘பர்தோன்’ சொல்லிவிட்டு ஓடிவிடுவோம். அக்கா மட்டும் கடைசிப் படியில் கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றுவிடுவார். நிலம் காயும்வரை நிற்பார். அவர் நின்றால் பின்னால் வருகிறவர்களும் நிற்கத்தானே வேண்டும்? படி அவ்வளவு ஒடுக்கம்.

“அக்கா, கடையிலை பத்ரோன் கத்தப் போறார், வாங்கோ.”

“கத்தட்டும். அந்த மனுசி முதுகு நோக நோகத் துடைச்சது. காய முதல் நான் போய் அடி பதிக்கிறதோ?”

போர்த்துக்கல் மனுசிக்கு முதலில் இது விளங்கவில்லை. தன் வேலையை மேற்பார்வை செய்ய ஒருத்தி வந்து நிற்கிறாள் என்று நினைத்து முறைத்தார். பிறகு எப்படியோ விளங்கிவிட்டது. அந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு முழுக் கட்டடத்திலும் அக்காவுக்கு மட்டும் ஒரு பெரிய கேக் வந்தது. எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் சனம் கூடுகிற லாச்சப்பலில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். வன்னியில் வயல் செய்த குடும்பம் என்பதும், கணவர் நோயில் போன பிறகு ஒரே மகளைத் தனியாக வளர்த்தார் என்பதும் போதும்.

“ஒருத்தர் செய்து வைச்சதை மிதிச்சுக்கொண்டு போறது அவசரம் இல்லையடி பிள்ளை, திமிர்” என்பார். இந்த வசனத்தை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேனோ தெரியாது. மெற்றோ வாசலில் நடைபாதையை அடைத்துத் துணி விரித்துச் சாமான் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் துணியின் நுனியை மிதித்துக்கொண்டுதான் போவார்கள். அக்கா றோட்டில் இறங்கிச் சுற்றிப் போவார். பஸ்காரன் கோர்ன் அடிப்பான். அக்கா திரும்பியும் பார்க்க மாட்டார்.

கடையில் இதனால் வந்த வில்லங்கம் கொஞ்சநஞ்சம் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கீரைக்கட்டும் வாழையிலையும் வந்து இறங்கும்போது தரையெல்லாம் பெட்டிதான். ஒரு நாள் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் காதில் ரெலிபோனோடு வந்து வாழையிலைக் கட்டின்மேல் காலை வைத்து ஏறி, முருங்கைக்காய் பொறுக்கத் தொடங்கினார். அக்கா அவர் கையிலிருந்த முருங்கைக்காயை மெல்ல வாங்கித் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

“இண்டைக்கு உங்களுக்கு மரக்கறி இல்லை.”

முதலாளி பத்ரோனுக்கு வந்ததே கோபம். “என்னக்கா, இது கடையோ கோயிலோ?”

“கோயில் எண்டால் செருப்பைக் கழட்டச் சொல்லியிருப்பன். இது கடைதான். கீழை பாத்து நடந்தால் காணும்.”

இப்படிப்பட்ட ஆளோடு பழகுவது சுகம் என்று நினைக்காதீர்கள். பரிசுக்குப் பக்கத்தில் பொபினியில் என் சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள் விழாவில் பெடியங்கள் கேக்கை அள்ளி ஒருவர் முகத்தில் ஒருவர் பூசினார்கள். இப்போது எல்லா இடத்திலும் நடப்பதுதான். அக்கா எழுந்து, “உந்தக் கேக்கை ஒரு பிள்ளை இருந்து இருந்து பூ வைச்சுச் செய்திருக்கும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே வெளியே போனார். விழா வீட்டுக்காரி என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. கூட்டிக்கொண்டு போனவள் நான்தானே.

மகளுக்கு இதெல்லாம் பெரிய வெட்கம். இங்கேயே பிறந்தவள், மருந்துக்கடையில் நல்ல உத்தியோகம். தாய் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். தெருவில் தாய் நின்றுவிட்டால் “மமோன்...” என்று அம்மாவைப் பிரெஞ்சில் பல்லுக்குள்ளே இழுப்பாள். அந்த ஒரு சொல்லுக்குள் கெஞ்சலும் இருக்கும் எரிச்சலும் இருக்கும்.

அந்த மகள்தான் இங்கிலாந்தில் ஒரு பெடியனை விரும்பினாள். லண்டனில் ஒரு கலியாண வீட்டில் கண்ட பழக்கம். பெடியனின் தகப்பன் டொக்டர். லண்டனில் இல்லை, தள்ளி, மேற்குப் பக்கம், ஆட்டுப்பட்டியும் ஆப்பிள் தோட்டமுமாக இருக்கிற ஒரு சின்ன ஊரில் நெடுங்காலமாக இருக்கிறவர். அவர் சாதகமும் கேட்கவில்லை, வேறு ஒன்றும் கேட்கவில்லை. “ஒக்டோபர் முடிவிலை உங்களுக்கு வாற துசான் விடுமுறைக்கு எங்களிட்டை வந்து நாலு நாள் நில்லுங்கோ. இலை நிறம் மாறுற நேரம். சேர்ந்து நடப்பம், பழகுவம். நாலாம் நாள் இரவு சாப்பிட்டுட்டு இருந்து கதைச்சு முடிவெடுப்பம்” என்று ரெலிபோனில் சொன்னார். கேட்க எவ்வளவு நல்ல கதை! ஆனால் லாச்சப்பலில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது, இது நாலு நாள் சோதனை என்று. மரக்கறிக் கடைக்காரியோடு சம்பந்தம் செய்யலாமா என்று டொக்டர் பார்க்கப் போகிறார்.

கலியாணக் கதைக்குத் தனியே போகக்கூடாது என்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் மகள் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் திரும்பி உட்கார்ந்து, அன்றைக்கு மட்டும் தமிழில் சொன்னாள். “அம்மா, அங்கை ஒண்டும் செய்யாதேங்கோ. நாலே நாள். பிளீஸ்.”

“நான் என்னடி செய்யப்போறன்?” என்றார் அக்கா. நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

டொக்டர் வீட்டு வாசலில் எல்லா அளவிலும் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. சேற்றில் நடக்கிற சப்பாத்து. டொக்டரின் மனைவி முழங்கால் நோவென்று வீட்டில் நின்று சமைத்தார். எனக்கும் நிற்க ஆசைதான், யார் விட்டார்கள்? முதல் நாள் காலையே சல்வாருக்கு மேலே தடித்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு அக்கா வெளிக்கிட்டுவிட்டார். டொக்டர் கழுத்தில் பாதைகள் வரைந்த ஒரு பெரிய மாப்பைத் தொங்கப் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார்.

அந்த ஊரை நான் மறக்க மாட்டேன். காலை பத்து மணிவரை பள்ளத்தாக்கில் பனிப்புகார் அசையாமல் கிடக்கும். அதற்கு மேலே ஒரு தேவாலயக் கோபுரம் மட்டும் தெரியும். பிறகு வெயில் வந்து மெல்லக் கிளறும்போது வேலி வேலியாக, வயல் வயலாக ஊர் வெளியே வரும். வேலியெல்லாம் உயிர்வேலிதான். சிவப்புப் பழமும், கடைசியாக மிஞ்சிய கறுப்பு முள்ளுப்பழமும், சிலந்தி வலையும். மரங்களில் மஞ்சளும் செம்பும் கலந்த இலை. தோட்டங்களில் விழுந்த ஆப்பிள் அழுகி, புளித்த வாசனை காற்றில் வரும். முதுகில் நீலக்குறி வைத்த ஆடுகள் எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இவர்களிடம் ஒன்றும் இல்லை என்று திரும்பிக்கொள்ளும்.

லாச்சப்பலில் மூன்று மாடி ஏறினால் இடுப்பைப் பிடிக்கிற அக்கா, அங்கே குன்றுகளில் டொக்டருக்குச் சமமாக ஏறினார். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வயலிலும் குனிந்து மண்ணை எடுத்து விரலால் நசித்துப் பார்த்தார். “களிமண். தண்ணி நிக்கும்” என்றார். காட்டுக்குள் செஸ்ற்நட் காய்கள் முள்ளுக்கூடு வெடித்து நிலமெல்லாம் கொட்டிக் கிடந்தன. அதை எடுக்கவும் முதலில் யாருடையது என்று கேட்டார்.

“இது ஆற்றை?”

“ஆற்றையும் இல்லை. அணில்ரை” என்று டொக்டர் சிரித்தார். அக்கா அணிலுக்குக் கொஞ்சம் விட்டுவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டார்.

அவருக்கு மிகவும் பிடித்தது வேலிகளில் இருந்த படிகள். அங்கே பொதுப்பாதை யாருடைய காணிக்குள்ளாலும் போகலாம். பாதை மாப்பில் இருந்தால் காணிக்காரன் மறிக்க முடியாது. அதனால் வேலியில் ஏறி இறங்க மரப்படி வைத்திருப்பார்கள். “வேலியையும் கட்டிப்போட்டு, ஏறிப் போகப் படியும் வைச்சிருக்கிறாங்கள். நல்ல சனம்” என்று ஒவ்வொரு படியிலும் சொன்னார். டொக்டருக்கு அதைக் கேட்கக் கேட்கச் சந்தோசம். இலைகளுக்கு நிறம் அடித்ததே தான்தான் என்பதுபோல, “எப்பிடி எங்கட ஊர்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மூன்று நாளும் இப்படியே நல்லபடி போனது. மகளும் பெடியனும் எங்களுக்கு முன்னால், கை கோக்காமல், ஆனால் கை முட்டுகிற தூரத்தில் நடந்தார்கள். நான் மனதுக்குள் கலியாணச் சேலை தெரிவு செய்யத் தொடங்கிவிட்டேன்.

நாலாம் நாள் பின்னேரம், வீடு திரும்புகிற வழியில், ஒரு வேலிப்படி ஏறி இறங்கினோம். முன்னால் பெரிய வயல். குளிர்காலக் கோதுமை விதைத்து, ஊசி ஊசியாக முளைத்து, முழு வயலும் இளம்பச்சையாக இருந்தது. வேலியில் அறிவித்தல் பலகை வயலுக்குக் குறுக்கே நேராகக் கை காட்டியது. பாதை என்று ஒரு கோடும் விழுந்திருக்கவில்லை. முளைத்த பிறகு நடக்கிற முதல் ஆட்கள் நாங்கள்தான் போலிருக்கிறது. பெடியனும் மகளும் கதைத்தபடி உள்ளே இறங்கிக் கொஞ்சத் தூரம் போய்விட்டார்கள். டொக்டரும் இறங்கினார். வானம் மேற்கில் கறுத்து வந்தது.

அக்கா வேலியோரம் நின்றுவிட்டார்.

“அக்கா, வேண்டாம்” என்றேன் மெதுவாக.

“வாங்கோ, வாங்கோ. மழை வரப்போகுது” என்றார் டொக்டர்.

“முளைச்சுக் கிடக்கு, டொக்டர்.”

“அதுக்கென்ன? இதுதான் பாதை. மாப்பிலை பாருங்கோ, நேராப் போகுது. பாதையிலை விதைச்சது அவன்ரை பிழை.”

“பிழை அவன்ரையா இருக்கலாம். பயிர் என்ன செய்தது?”

டொக்டரின் முகம் மாறியது. கோபம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. “இஞ்சை பாருங்கோ. இந்தப் பாதையளுக்காக இந்தச் சனம் எவ்வளவு காலம் போராடினது தெரியுமோ? நாங்கள் நடக்காமல் விட்டால் பாதை செத்துப்போம். நாங்கள் அகதியா வந்தனாங்கள். எங்களுக்கும் இதிலை நடக்க உரிமை இருக்கு. தலை நிமிர்ந்து நடக்க வேணும்.”

நல்ல பேச்சுத்தான். எனக்குக்கூட உடம்பு சிலிர்த்தது. அக்காவும் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஓம், நீங்கள் சொல்லுறது சரி. உங்கட உரிமையிலை நீங்கள் நடவுங்கோ, டொக்டர். என்ரை கால் கேக்குதில்லை. நான் ஓரத்தாலை சுத்தி வாறன்.”

டொக்டர் மாப்பைச் சரி செய்துகொண்டு வயலுக்குள் திரும்பி நடந்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். நாலு நாள் சோதனையில் கடைசி மணித்தியாலத்தில் கோட்டை விட்டாயிற்று.

சத்தம் கேட்டு மகள் நடு வயலில் திரும்பிப் பார்த்தாள். தாய் ஓரத்தில் நிற்கிறார், டொக்டர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார். என்ன நடந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. “மமோன்...” என்று இழுப்பாள் என்று நான் காத்திருந்தேன். இழுக்கவில்லை. கீழே தன் சப்பாத்தைப் பார்த்தாள். வந்த வழியைப் பார்த்தாள். பிறகு திரும்பி, போகும்போது பதிந்த தன் அடிகளிலேயே ஒவ்வொன்றாகக் கால் வைத்து, ஒரு புதுப்பயிரும் மிதிபடாமல் தாயிடம் வந்தாள். வந்து தாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெடியன் தகப்பனைப் பார்த்தான், இவளைப் பார்த்தான். பாவம், இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து நின்றான். பிறகு தன் பெரிய சப்பாத்தை அவளுடைய சின்ன அடிக்குள் செருகப் பார்த்து, தள்ளாடித் தள்ளாடி அவனும் வந்து சேர்ந்தான். டொக்டர் தனியே தன் உரிமையில் நடந்து போனார்.

நாங்கள் நாலு பேரும் ஓரத்தால் போனோம். புல்லும் களையுமாகக் கிடந்த ஓரம். பாதித் தூரம் போயிருக்க மாட்டோம், நாலு சில்லு மோட்டார் வண்டியில் நாயும் தானுமாகக் காணிக்காரர் வந்து இறங்கினார். நல்ல உயரமான கிழவர். வயலையும் எங்களையும் மாறி மாறிக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் அது வரவேற்பு இல்லை என்று விளங்கியது.

பெடியன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான். “அன்ரி, அவர் சொல்லுறார்... பாதை அங்கையாம். ஏன் இதிலை வாறியள் எண்டு கேக்கிறார். இந்த ஓரம் புல் இல்லையாம். தேனீக்கு எண்டு பூக்கண்டு விதைச்சிருக்கிறாராம். இப்பதான் முளைக்குதாம்.”

அக்கா கீழே பார்த்தார். நாங்களும் பார்த்தோம். களை என்று நினைத்து மிதித்து வந்ததெல்லாம் விதைத்த நாற்று. பின்னால் எங்கள் எட்டுக் காலின் அடியும் ஒரே நெரிசலாகப் பதிந்து கிடந்தது. அதற்குள் டொக்டரும் தூரத்தில் எங்களைக் கண்டு, வந்த பாதையாலேயே திரும்பி விறுவிறு என்று வந்து சேர்ந்தார். மகன் விசயத்தைச் சொன்னான். ‘நான் அப்பவே சொன்னனான்’ என்பது அவர் வாயில் வந்து நின்றது, எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அக்கா அவருக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கவில்லை.

“டொக்டர், நீங்கள் சொன்னதுதான் சரி. நான் பிழை” என்றார். பிறகு காணிக்காரர் பக்கம் திரும்பி, நேராக முகத்தைப் பார்த்து, “சொறி” என்று மன்னிப்புக் கேட்டார். கூழைக்கும்பிடு போடவில்லை. குரல் தாழவும் இல்லை. பிழை செய்த, வயல் தெரிந்த ஒரு கமக்காரி இன்னொரு கமக்காரனிடம் சொல்லுகிற மாதிரிச் சொன்னார். பிறகு பெடியனிடம் சொன்னார். “தம்பி, அவரிட்டைக் கேளுங்கோ. அதிலையும் விதைச்சிருக்கு, இதிலையும் விதைச்சிருக்கு. எதாலை போனால் அவற்றை ஒண்டும் மிதிபடாது?”

பெடியன் கேட்டான். கிழவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு கோதுமைக்குள் கையை நீட்டிக் காட்டினார். அப்போதுதான் கண்டோம், பச்சைக்குள்ளே இரண்டு வெறும் மண் கோடுகள் சேர்ந்து வயலின் மறுகரைவரை ஓடின. மருந்தடிக்கிற உழவு இயந்திரத்தின் சில்லுப் போவதற்காக விதைக்காமல் விடுகிற இடமாம். அதால் போங்கள் என்றார். இவ்வளவு காலமும் இந்தக் கேள்வியை ஒருத்தரும் தன்னிடம் கேட்டதில்லை என்றும் சொன்னாராம்.

டொக்டருக்குக்கூட அந்தக் கோடு எதற்கென்று தெரிந்திருக்கவில்லை. “இவ்வளவு வருசமா நடக்கிறன்” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

ஒருவர் பின் ஒருவராக அந்தச் சில்லுத்தடத்தில் இறங்கினோம். அக்கா முன்னால், அவருக்குப் பின்னால் டொக்டர். தூறல் தொடங்கிவிட்டது. கிழவர் வண்டியில் ஏறாமல், நாயோடு நின்று நாங்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடு வயலுக்கு வந்தபோது டொக்டர் கூப்பிட்டார். “நில்லுங்கோ. ஏன் இரவு மட்டும்? இப்பவே கதைப்பம். எனக்கு முழுச் சம்மதம். எப்ப வைப்பம், எங்கை வைப்பம், பரிசிலோ இஞ்சையோ? மண்டபம் நான் பாக்கிறன். சனம் எவ்வளவு கூப்பிடுறது எண்டு...”

அக்கா திரும்பினார். முகமெல்லாம் மழைத்துளி. மகளும் பெடியனும் பின்னால் மூச்சு விடாமல் நின்றார்கள். அந்த நாலு நாளும் இந்த ஒரு சொல்லுக்காகத்தானே நாங்கள் குன்றும் சேறும் ஏறி இறங்கினோம். பாய்ந்து பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

“நல்லது, டொக்டர். எனக்கும் சந்தோசம்” என்றார் அக்கா. “ஆனால் எப்ப, எங்கை, எத்தினை பேர் எண்டதை அவையிட்டைக் கேளுங்கோ. அது அவை ரண்டு பேரும் விதைச்சது. நாங்கள் மிதிக்காமல் போவம்.”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். டொக்டர் ‘ஓம், ஓம்’ என்று தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் போனார். நான் சும்மா துணைக்குப் போனவள். ஆனாலும் அன்றைக்கு அந்த மழையில், யாராவது, ஒரு ஆடாவது வந்து, முன்னால் போகிற மனுசி யார் என்று என்னிடம் கேட்காதா, ‘எங்கட அக்கா’ என்று சொல்லலாமே என்றிருந்தது.